இரண்டு பஞ்சாரம், ஒரு பந்து

எங்கள் வீட்டு வரவேற்பறையில், சாமி மேடைக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே, கூரையிலிருந்து ஒரு பந்து தொங்குகிறது. ஏறக்குறைய கால்பந்து அளவு. மஞ்சள், பச்சை, ஊதா என்று மூன்று வண்ணம். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “எங்க வாங்குனீங்க?” என்பதுதான். வாங்கவில்லை, அலுவலகக் குறிப்புத் தாளில் மடித்தது என்றால் சிரிக்கிறார்கள். தொண்ணூறு தாள், ஒரு சொட்டு பசை கிடையாது, ஒரு ஸ்டேப்ளர் ஊசி கிடையாது என்றால் எழுந்து போய்த் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒரு சித்தப்பா “எப்படி நிக்குது?” என்று ஒரு தாளை உருவிப் பார்த்து, எனக்கு இரண்டு மணி நேர வேலை வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பந்தைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாள் எண்ணம். எழுத உட்கார்ந்தால் பந்துக்கு முன்னால் அம்மா வந்து நிற்கிறார். அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வாக்கியம் பாட்டன் சொத்துபோலக் கைமாறி வருகிறது. “எனக்குக் கணக்கு வராது.” அம்மா சொல்வார். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு 1968-இல் நின்றுவிட்டார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அடுத்து நான் சொன்னேன். 2002-இல் எஸ்பிஎம் தேர்வில் கூடுதல் கணிதத்தில் எனக்குக் கிடைத்தது 9ஜி. அந்தக் காலத்துத் தரநிலை தெரியாத இளையவர்களுக்கு: அதற்குக் கீழே இறங்கப் படியே இல்லை. இப்போது கிள்ளான் துறைமுகத்தில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆவணங்கள் பார்க்கும் வேலை. கூட்டலும் கழித்தலும் கணினி செய்துகொள்கிறது. நானும் கணக்கும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருபது வருடம் ஓட்டிவிட்டோம்.

நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகள், ஒரு நாள் பள்ளிப் பையைச் சோபாவில் எறிந்துவிட்டு அதே வாக்கியத்தை அதே தொனியில் சொன்னாள். யாரிடம் கற்றாள் என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தாள் மடிப்பது எனக்கு அதற்கு முன்பே பழக்கமாகியிருந்தது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாரும் வீட்டுக்குள் முடங்கியபோது, அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த பொருள்களோடு ஒரு கட்டு வண்ணக் குறிப்புத் தாளும் வந்திருந்தது. ஒன்பது சென்டிமீட்டர் சதுரம். அன்றைக்கு என் பொழுதுபோக்குக்கு அதைவிட்டால் வேறு நாதி இல்லை.

ஓரிகாமி என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது ஒரே தாளில் கொக்கு. நான் மாட்டிக்கொண்டது அதன் இன்னொரு கிளையில். இதில் ஒரே மாதிரி பல தாள்களை மடிக்க வேண்டும். மடித்த ஒவ்வொன்றையும் அலகு என்கிறார்கள். ஒவ்வோர் அலகிலும் இரண்டு நாக்கும் இரண்டு பையும் இருக்கும். ஒன்றின் நாக்கை மற்றதன் பைக்குள் சொருகிச் சொருகி உருவத்தைக் கட்ட வேண்டும். உராய்வுதான் பசை. இவற்றில் மிகவும் எளிது, சொனோபே என்ற ஜப்பானியரின் பெயரால் வழங்கும் அலகு. சதுரத்தை நடுவில் மடித்துத் திறக்க வேண்டும். மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் நடுக்கோட்டுக்குக் கதவுபோல மடித்துத் திறக்க வேண்டும். எதிரெதிரான இரண்டு மூலைகளைச் சின்ன முக்கோணமாக உள்ளே மடித்து, கதவைத் திரும்ப மூட வேண்டும். பிறகு மிச்சமுள்ள இரண்டு மூலைகளையும் சாய்வாக மடித்து, எதிர்க் கதவின் அடியில் செருக வேண்டும். ஓர் இணைகரம் கிடைக்கும். இரண்டு கூர் முனைகளையும் பின்பக்கம் மடித்தால் அலகு தயார். படித்தால் தலை சுற்றும், கையில் தாளோடு செய்தால் நான்காவது தாளில் கை பழகிவிடும்.

ஆறு அலகு சேர்ந்தால் ஒரு கனசதுரம். அதைச் செய்து முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு சேர்ந்தால் முள் முளைத்த நட்சத்திரம். முப்பது சேர்ந்தால் முள்நாறிப் பழம் மாதிரி ஒரு உருண்டை. அந்த முப்பதில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. பதினைந்து அலகை மாலையில் மடித்தேன், மீதியை நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் மடித்தேன். காலையில் கோத்தால் பாதி பாதியோடு சேர மறுக்கிறது. நாக்கு இருக்கிறது, பை இருக்கிறது, உள்ளே போகமாட்டேன் என்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் பிடிபட்டது. இரவில் மடித்தவை எல்லாம் எதிர்ச்சாய்வு! இடக்கைச் செருப்பும் வலக்கைச் செருப்பும் மாதிரி. கைக்குச் செருப்பு ஏது என்று கேட்காதீர்கள், அன்றைய மனநிலை அப்படி. பதினைந்தையும் பிரித்துத் திரும்ப மடித்தேன்.

ஏன் ஆறு, பன்னிரண்டு, முப்பது? ஏன் பத்து இல்லை, இருபது இல்லை? இந்தக் கேள்வி வந்த நாளில், எனக்குத் தெரியாமலேயே நான் கணக்குக்குள் கால் வைத்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. விடை சுலபம். முக்கோணங்களால் மட்டுமே ஆன ஒழுங்கான திண்ம உருவங்கள் மூன்றுதான்: நான்முகி, எண்முகி, இருபதுமுகி. அவற்றின் விளிம்புகளை எண்ணுங்கள்: ஆறு, பன்னிரண்டு, முப்பது. ஒரு விளிம்புக்கு ஒரு தாள். அவ்வளவுதான். பாடநூலில் இந்த உருவங்களைப் படமாகப் பார்த்தபோது எனக்கு அவை மேசையில் கிடக்கும் கோடுகள். கையில் முப்பது தாளை எண்ணி எடுத்தபோதுதான் விளிம்பு என்றால் என்ன என்று புரிந்தது.

இதில் நமக்குப் பெருமையான ஒரு செய்தி உண்டு. தாள் மடிப்பை வைத்து வடிவியலை முறையாகச் சொல்லித் தந்த தொடக்க கால நூல்களில் ஒன்று வெளிவந்தது ஜப்பானில் இல்லை, மதராசில். 1893-இல் தி. சுந்தர ராவ் என்பவர் தாள் மடிப்பில் வடிவியல் பயிற்சிகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வண்ணத் தாளிலிருந்து அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது. அளவுகோல் வேண்டாம், கவராயம் வேண்டாம். மடித்தே சமபக்க முக்கோணம், ஐங்கோணம் என்று போகிறார். ஜெர்மனியின் பெரிய கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலொன்றில் அதைக் குறிப்பிட, அதைப் பார்த்த அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் 1901-இல் சிகாகோவில் அதைத் திரும்பப் பதிப்பித்தார்கள். அது இன்றும் அச்சில் கிடைக்கிறது. என் கூடுதல் கணித வகுப்பில் யாராவது இதைக் காட்டியிருந்தால் 9ஜி ஒருவேளை 8ஈ ஆகியிருக்கலாம். அதற்கு மேல் ஆசைப்படவில்லை.

இனி அந்தத் தொண்ணூறு தாள் பந்து. இதற்கு வேறு அலகு. தாமஸ் ஹல் என்ற அமெரிக்கக் கணித வல்லுநர் 1993-இல் உருவாக்கியது. ஃபிஸ் என்று பெயர். தாளை விசிறி மடிப்பாக நாலாக மடித்து, ஓரங்களைச் சாய்த்து முடிச்சுப்போல் செய்ய வேண்டும். மூன்று அலகு சேர்ந்தால் ஒரு முனை. அப்படியே தொடர்ந்தால் நடுவே கண்கள் திறக்கும். சில ஐங்கோணக் கண், சில அறுகோணக் கண். கால்பந்தில் பார்க்கிறோமே கருப்பு ஐங்கோணமும் வெள்ளை அறுகோணமும், அதே அமைப்பு. மூன்று வண்ணத் தாளை வைத்துக்கொண்டு, எந்த முனையிலும் ஒரே வண்ணம் இரண்டு முறை வராமல் கோப்பது தனி விளையாட்டு. காகிதத்தில் வரைந்து திட்டமிடாமல் இறங்கினால் எழுபதாவது தாளில் மாட்டிக்கொண்டு விழிப்பீர்கள். நான் விழித்தேன்.

நான் விழித்ததற்கு வண்ணம் மட்டும் காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், எண்பது தாளுக்கு மேல் கோத்தாகிவிட்டது. பந்து மூட மறுக்கிறது. ஒரு பக்கம் அழகாக வளைந்து வருகிறது, மறுபக்கம் தட்டையாக விரிந்து நிற்கிறது. நடுவே ஒரு சாண் இடைவெளி. இழுத்துப் பிடித்தால் வேறு இடத்தில் பிய்கிறது. மழைக்காலம் வேறு; நம் ஊர் ஈரப்பதத்தில் தாள் நமுத்து, மடிப்பு பிடிமானம் விடும். “சனியனே” என்று சொல்லிவிட்டேன். மகள் பக்கத்தில்தான் இருந்தாள். “எனக்கு இதெல்லாம் வராதும்மா, தூக்கிப் போட்டுடலாம்” என்று நான் சொன்னது யாரைப் பார்த்து என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா சமையலறையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முறத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். கையில் வாங்கவில்லை, எண்ணவும் இல்லை. கீரைக் காம்பால் ஓரிடத்தைத் தொட்டு, “இந்தக் கண்ணு அஞ்சா இருக்கணும். நீ ஆறு போட்டிருக்க. ஆறு போட்டா பாயாத்தான் போகும். வளையணும்னா அஞ்சு வரணும்” என்றார்.

எண்ணிப் பார்த்தேன். ஆறு.

“எப்படிம்மா தெரியும்?”

“பஞ்சாரம் அப்படித்தான பின்னுவாங்க?”

பஞ்சாரம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கோழியையும் குஞ்சையும் கவிழ்த்து மூடி வைக்கும் கூடை; பெரிய பெரிய கண்களோடு இருக்கும். என் தாத்தா, அம்மாவின் அப்பா, மரம் வெட்டி முடித்த மதியங்களில் லயத்து வாசலில் உட்கார்ந்து மூங்கில் சீவிப் பஞ்சாரம் பின்னி விற்பாராம். பள்ளியிலிருந்து நின்ற பிறகு அம்மாவுக்கு அதுதான் பக்கத்து வேலை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குச் சிம்பு எடுத்துக் கொடுப்பது, பிறகு தானே பின்னுவது.

மறுநாள் அலுவலகத்தில் சரக்குப் பெட்டிகளைக் கட்டும் பிளாஸ்டிக் பட்டையில் வெட்டிப்போட்ட துண்டுகளை ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்தேன். “செய்து காட்டுங்கம்மா” என்றேன். “ஐயோ, அம்பது வருசம் ஆச்சு” என்றார். கை மறக்கவில்லை. மூன்று திசையில் பட்டைகளை ஓட்டினார். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றி. நடுவில் அறுகோணக் கண், சுற்றிலும் அறுகோணக் கண். ஓட்டைப் பாய் மாதிரி தரையில் தட்டையாகப் படுத்துக் கிடந்தது. ஒரு தட்டு அகலம் வந்ததும் நிறுத்தினார். “இப்ப மூலை.” ஓரத்தில் ஆறு இடம் பார்த்து, ஒவ்வொன்றிலும் கண்ணை ஐந்தாகச் சுருக்கிப் பட்டையைத் திருப்பினார். பாய் தானாகத் தலையைக் குனிந்தது. அழுத்தவில்லை, கட்டவில்லை. ஆறு மூலையும் முடிந்தபோது சுவர் நேராக நின்றது. அதற்குப் பிறகு மறுபடி எல்லாம் ஆறு கண்ணே. எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவு.

“ஏம்மா ஆறு மூலை? அஞ்சு மூலை வச்சா?”

“வாய் விரிஞ்சுக்கிட்டே போகும். ஏழு வச்சா வாய் சுருங்கும். கோழி உள்ள போகாது.”

நான் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் முந்தைய இரவு, ஏன் என் பந்துக்கு அந்த ஓர் ஐங்கோணம் அவ்வளவு முக்கியம் என்று தேடிப் படித்திருந்தேன். 1750-இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை தம் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன ஓர் உண்மைதான் அதற்கு அடிப்படை. மூடிய எந்த உருவமானாலும், நடுவில் துளை விழுந்த வடை மாதிரி இல்லாத வரை, முனைகளின் எண்ணிக்கையிலிருந்து விளிம்புகளைக் கழித்து முகங்களைக் கூட்டினால் இரண்டுதான் வரும். என் பந்தில் 60 முனை, 90 விளிம்பு, 32 முகம். கழித்துக் கூட்டுங்கள்: இரண்டு. இந்த ஒரு வரியிலிருந்து இன்னொன்று பிறக்கிறது. முனைக்கு மூன்று விளிம்பாக, ஐங்கோணமும் அறுகோணமும் மட்டும் வைத்து எந்தப் பந்து செய்தாலும், அறுகோணங்கள் எத்தனை இருந்தாலும் சரி, ஐங்கோணங்கள் பன்னிரண்டு. பதினொன்று ஆகாது, பதின்மூன்று ஆகாது.

பஞ்சாரத்தில் எத்தனை ஐந்து கண்? ஆறு. பன்னிரண்டில் பாதி. பாதி மூடியாகி, சுவர் நேராக நிற்பது அதனால்தான். அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஆய்லர் பெயரெல்லாம் சொல்லவில்லை. பந்துக்குப் பன்னிரண்டு ஐந்து வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. “ஆமா. ரெண்டு பஞ்சாரத்த வாயோட வாய் வச்சா உன் பந்துதான?” என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு வளைவு ஏன் வருகிறது என்று சந்தேகம் இருந்தால், ஒரு தாளும் கத்தரிக்கோலும் போதும். சமபக்க முக்கோணம் ஆறு ஒரு புள்ளியைச் சுற்றி நின்றால் 60 பாகை ஆறு முறை, 360. தட்டையாகப் படுக்கும். ஒரு முக்கோணத்தை வெட்டி எடுத்துவிட்டு ஓரங்களைச் சேர்த்தால் குல்லாய் மாதிரி எழும்பும். கூடையில் ஐந்து கண் செய்வதும் இதுதான்.

என் மகள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் பள்ளித் திடலில் கிடந்த ஒரு பழைய செபாக் தக்ராவ் பந்தோடு வந்தாள். ஆசிரியரிடம் கேட்டுத்தான் எடுத்து வந்தாளாம். “அம்மா, இதுலயும் பன்னெண்டு!” எண்ணிப் பார்த்தோம். உண்மை. பன்னிரண்டு ஐங்கோண ஓட்டை. விளையாட்டு விதியிலேயே இருக்கிறது: பந்தில் 12 துளையும் 20 குறுக்குச் சந்திப்பும் இருக்க வேண்டும்.

இந்த ஊரில் பிறந்த எல்லாரும் உதைத்த பந்து அது. மலாய் நண்பர்கள் பழைய பெயரில் ராகா என்பார்கள். மலாக்கா சுல்தானகத்தின் கதையிலும் அது உருள்கிறது. சுல்தான் மன்சூர் ஷாவின் மகன் குதிரையில் போகும்போது, பெண்டஹாரா துன் பேராக்கின் மகன் உதைத்த ராகா பந்து பட்டு இளவரசரின் தலையணி கீழே விழுந்தது. இளவரசர் கத்தியை உருவிவிட்டார். அந்தக் கொலைக்காக அவர் மலாக்காவை இழந்து பகாங்குக்குப் போனார் என்கிறது செஜாரா மெலாயு. ஒரு ரோத்தான் பந்தால் ஓர் அரியணை கைமாறியிருக்கிறது. 1965-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் இந்த ஆட்டம் இடம்பெற்றது. ரோத்தான் போய்ச் செயற்கை நார் வந்தது அதற்கெல்லாம் பிறகு.

பந்தைப் பிரித்துப் பார்க்க மகளுக்கு மனசில்லை. அதனால் பட்டையில் செய்து பார்த்தோம். நீங்களும் செய்யலாம். ஆறு பட்டை போதும், ஒவ்வொன்றும் 45 சென்டிமீட்டர். ஆறும் ஆறு வளையம் ஆகப்போகின்றன. ஐந்து பட்டைகளை நட்சத்திரம்போலப் பின்னி, நடுவில் ஓர் ஐங்கோண ஓட்டை வரச் செய்யுங்கள். ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே என்ற ஒழுங்கு எங்கும் தப்பக்கூடாது. துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு கையும் போதாது. ஓரங்களில் பட்டைகள் திரும்பச் சந்திக்கும் இடங்களைப் பின்னினால் ஐங்கோணத்தைச் சுற்றி முக்கோணங்கள் வரும், கிண்ணம்போல எழும்பும். ஆறாவது பட்டையைப் பூமத்திய ரேகை மாதிரி இடுப்பைச் சுற்றி ஓட்டி வளையமாக்குங்கள். பிறகு மேலே மிச்சமுள்ள பத்து நுனிகளையும் அதே ஒழுங்கில் பின்னிச் சேர்த்தால், கடைசியில் உச்சியில் ஓர் ஐங்கோணம் தானே வந்து நிற்கும். நுனிகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஓட்டிப் பின்னலுக்கு அடியில் ஒளித்துவிடலாம். ஒவ்வொரு வளையமும் மற்ற ஐந்தையும் இரண்டிரண்டு முறை கடக்கும். மொத்தம் எத்தனை கடப்பு என்று மகள் விரலை விட்டு எண்ணத் தொடங்கினாள். நான் பேசாமல் இருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டு, “ஆறு வளையம், ஆளுக்குப் பத்து, அறுபது. ஆனா ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ எண்ணிட்டேன். முப்பது” என்றாள். இதைக் கணக்கு என்று அவளுக்கு யாரும் அப்போது சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கூடை பின்னுகிறவர்களிடம் கணக்கு இருக்கிறது என்பது என் பாசத்தில் நான் கட்டிய கதை இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், அலிசன் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் பின்னல் கலைஞரோடு சேர்ந்து, 2021-இல் ஓர் இயற்பியல் ஆய்விதழில் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இதே முக்கோணப் பின்னல். நேரான பட்டைக்குப் பதிலாக, முன்கூட்டியே வளைத்து வெட்டிய பட்டையைப் பின்னினால், மூலை துருத்தாத மழமழப்பான உருண்டை கிடைக்கிறது என்று காட்டினார்கள். கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் பின்னல்காரரின் பெயரும் இருக்கிறது. அந்தப் படங்களைக் கைப்பேசியில் அம்மாவிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தவர், “பட்டைய வளைச்சு வெட்டினா வீணாப் போறது எவ்வளவு!” என்றார். மூங்கில் சீவியவர் கவலை அது.

அண்டை ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது என்பதற்காக இதையும் சொல்லிவிடுகிறேன். மடிப்பும் பின்னலும் ஒரே உருவத்தில் கைகோக்கும் ஒன்று உண்டு: ஒன்றுக்குள் ஒன்று புகுந்த ஐந்து நான்முகிகள். ஒவ்வொரு நான்முகியும் ஆறு குச்சியாலான சட்டம். ஐந்தும் ஒன்றன் வழியாக ஒன்று நுழைந்து பின்னிக்கொண்டு நிற்கும். இதை வடிவமைத்தவரும் அதே தாமஸ் ஹல்தான். ஆனால் அதற்கான அலகு சிங்கப்பூர்க் கலைஞர் ஃபிரான்சிஸ் ஓவ் உருவாக்கியது. பத்துச் சதுரத் தாள் போதும். ஒவ்வொன்றையும் மூன்று நீளத் துண்டாக வெட்டினால் முப்பது. ஒரு வண்ணத்துக்கு ஆறு. மடிப்பது ஒரு மாலை வேலை. கோப்பது வேறு கதை. முதல் நான்முகி விளையாட்டு. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் எந்தக் குச்சி எதன் உள்ளே, எதன் வெளியே என்று மூளை கழன்றுவிடும். எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. நான்காவது வண்ணத்தில் இரண்டு முறை கைவிட்டேன். அம்மாவிடம் கொடுத்தேன், “இதுக்கு ஒரு வழியும் தெரியல, நீயே பாரு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

மகளின் கணக்குப் புள்ளி என்னாயிற்று என்று கேட்பீர்கள். பெரிதாக ஏறவில்லை. பின்னம் இன்னும் தகராறு. வகுத்தலில் கையெழுத்து மோசம் என்று ஆசிரியர் குறிப்பு அனுப்பினார். ஆனால் அந்தப் பழைய வாக்கியத்தை அவள் வாயிலிருந்து நான் கேட்டுக் கொஞ்ச நாளாகிறது. அம்மாவும் நானும் அவள் எதிரில் அதைச் சொல்வதில்லை என்று ஓர் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். அம்மா இரண்டு முறை மீறிவிட்டார்.

போன சனிக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அம்மாவுக்குக் கை மூட்டு வலி. அதிக நேரம் பின்னக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மூவரும் தரையில் உட்கார்ந்து மிச்சப் பட்டைகளை வண்ணம் பிரித்துக்கொண்டிருந்தோம். மகள் கேட்டாள், “பாட்டி, அஞ்சு வச்சா வளையும். ஆறு வச்சா பாய். ஏழு கண்ணு வச்சா?”

“ஏழு மூலையா? அதான் அன்னிக்கே சொன்னேனே.”

“மூலை இல்ல பாட்டி. ஒரே கண்ணு. அதுலயே ஏழு பட்டை.”

அம்மா யோசித்தார். “அது யாரும் வைக்கிறது இல்ல.”

“வச்சா?”

வைத்தார். நடுவில் ஏழு பட்டை, சுற்றிலும் வழக்கமான ஆறு கண். இரண்டாவது சுற்றில் பின்னல் நெளியத் தொடங்கியது. அழுத்திப் பிடித்தால் இந்தப் பக்கம் எழும்புகிறது, அந்தப் பக்கம் தாழ்கிறது. மூன்றாவது சுற்று முடிந்தபோது இரண்டு ஓரம் மேலே தூக்கி, இரண்டு ஓரம் கீழே தொங்க, குதிரைச் சேணம் மாதிரி ஒன்று அம்மாவின் மடியில் கிடந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கவிழ்த்து வைத்தார், நிற்கவில்லை. மகள் தன் தலையில் வைத்துப் பார்த்தாள்.

“அறுபத்தெட்டு வயசாச்சு. இத நான் பின்னினதே இல்ல” என்றார் அம்மா.

இப்போது அது குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. எதற்கு உதவும் என்று மூவருக்கும் மூன்று கருத்து. வாழைப்பழம் வைக்கலாம் என்பது அம்மாவின் கட்சி. மகள் எட்டு வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். பட்டை தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன்.